வளையத்தில் இரண்டு பல் தடம்

அண்ணன் வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை அந்த வளையத்துக்குள் விட்டார்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஓர் என்ஜினீயரிங் காலேஜ். ஆடிட்டோரியத்துக்கு முன்னால் ஷாமியானா போட்டு, கீழே பச்சைக் கம்பளம் விரித்து, அதன்மேல் சிவப்பாக ஒரு ரேஸ் கார் நின்றது. கிராண்ட் பிரீ என்று டிவியில் காட்டுகிறார்களே, ஒரே ஓர் ஆள் படுத்தாற்போல உட்கார்ந்து ஓட்டுவது, அந்த வகை. ஓட்டுகிறவனின் தலைக்குப் பின்னால் ஒரு வளையம் நிமிர்ந்து நிற்கும். வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காமல் காப்பது அதுதான்.

அண்ணன் வளையத்தின் இடது பக்கம், உள்விளிம்பைத் தடவினார். மேலிருந்து கீழே ஒரு முறை. கீழிருந்து மேலே ஒரு முறை. சுற்றி முப்பது நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். அதில் அவருடைய மகள் மெர்லினும் இருந்தாள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. அரசு பஸ்ஸுக்குப் பச்சை அடித்தது, கல்யாண மாப்பிள்ளையின் காருக்குத் தப்பான நிறம் அடித்து அடி வாங்கப் பார்த்தது என்று இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கும்படியாகவே எழுதிவந்தேன். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தார்ப்பாயைப் பிரித்தபோது

திண்டிவனத்தில் சென்னை ரோட்டில் என் பட்டறை இருப்பது உங்களுக்குத் தெரியும். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் மூன்றும் உண்டு. பட்டி என்பது தெரியாதவர்களுக்கு: தகரத்தில் பள்ளம் விழுந்தால் அதில் பசை மாதிரி ஒன்றை வைத்து நிரப்பி, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்து, அதன்மேல் பெயிண்ட் அடிப்போம். அந்தப் பசைதான் பட்டி. என் பிழைப்பில் பாதி அதுதான்.

ஒரு நாள் காலை பட்டறை வாசலில் ஒரு மூடிய லாரி வந்து நின்றது. முன்னாலிருந்து இறங்கியவர் என்ஜின் ஆயில் விற்கிற ஒரு கம்பெனியின் விளம்பர மேனேஜர். சின்ன வயசு. நல்ல பிள்ளைதான், ஆனால் அன்றைக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. காலேஜ் காலேஜாகக் காட்ட ஒரு ரேஸ் கார் கொண்டுபோகிறார்களாம். வழியில் கயிறு அறுந்து, வண்டி லாரியின் பக்கவாட்டில் உரசிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு விழுப்புரத்தில் விழா. அதற்குள் உங்களால் ஆகுமா என்று கேட்டார்.

ஆகுமா என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குப் பொறுக்காது. அது பிறவிக் குணம். ஆகும் என்று சொல்லிவிட்டேன். வண்டியைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

தார்ப்பாயைப் பிரித்தோம். நாலு பேர் தள்ளியதில் சைக்கிள் மாதிரி உருண்டு உள்ளே வந்துவிட்டது. என்ஜினைக் கழற்றிவிட்டார்கள் என்றார் மேனேஜர். ஆனால் பாடி நிஜம், பந்தயத்தில் ஓடிய அதே பாடி, அதற்கு அத்தாட்சி இருக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஆறு சட்டை

பெயிண்டரிடம் எந்த வண்டியும் வயசை மறைக்க முடியாது. எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, உள்ளே இருக்கும் பழைய நிறமெல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். இந்த வண்டியில் மேலே சிவப்பு. அதற்குக் கீழே கறுப்பு. அப்புறம் நீலம், மஞ்சள், மறுபடி நீலம், கடைசியில் வெள்ளை. ஆறு சட்டை.

மேனேஜர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறத்துக்கும் கதை சொன்னார். வெள்ளை, பட்டறையிலிருந்து வெளியே வந்து வெள்ளோட்டம் விட்ட நாள். நீலம், முதல் கம்பெனியின் விளம்பரம். அந்த வருஷம் எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது என்று வந்தது. நாலு இடத்தில் கியர் உடைந்து பாதியில் நின்றது. இரண்டாம் வருஷம் வேறு கம்பெனி வந்தது, மஞ்சள் அடித்தார்கள். அந்தக் கம்பெனி பாதியில் கழன்றுகொள்ள, மறுபடி நீலம்.

அந்த நீலத்தில்தான் ஒரு மழைநாளில் ஐந்தாவதாக வந்ததாம். அன்றைக்கு அந்தக் குழுவில் இருந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்களாம். ஐந்தாவதாக வந்ததற்கு அழுவார்களா என்று கேட்டேன். நடுவில் ஓடுகிற வண்டிக்கு அதுதான் பொங்கல் தீபாவளி எல்லாம் என்றார். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை மூன்றாவது இடத்தில் ஓடியது, முடிக்க முடியாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் வந்துவிட்டது. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் புது வண்டி வந்ததும் இதன் என்ஜினைக் கழற்றி, கறுப்பு அடித்து, ஏர்போர்ட்டிலும் பெரிய பெரிய மால்களிலும் நிறுத்திவைத்தார்கள். இப்போது சிவப்பு அடித்துத் திண்டிவனத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. நானும் பள்ளிக்கூடத்தில் எட்டாவது, பத்தாவது ரகம்தான். முதலில் வருகிறவனுக்கு மாலை போடுவார்கள், கடைசியில் வருகிறவனைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். நடுவில் இருக்கிறவன் வந்தானா போனானா என்று யாரும் கேட்பதில்லை.

பக்கவாட்டில் இருந்த கீறல்களையெல்லாம் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். கடைசியாக வண்டி முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது. தலைக்குப் பின்னால் இருந்த வளையத்தில், இடது பக்கம் உள்ளே, விரலில் ஏதோ தட்டியது. குனிந்து டார்ச் அடித்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளம், யாரோ பல்லால் கடித்தாற்போல.

மேனேஜர், “விடுங்க மாஸ்டர், அங்க யாரு பாக்கப் போறாங்க” என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் என் பட்டறையை விட்டுப் போகிற வண்டியில் பழுது தெரியக் கூடாது. இரண்டு சிட்டிகை பட்டி. காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் கொடுத்து, சிவப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பட்டியில் மறைத்துவிடலாம். நான் மறைத்திருக்கிறேன்.

மேனேஜர் அசந்துபோனார். இனிமேல் திருச்சி, மதுரை வரைக்கும் வண்டியோடு கூடவே வாங்க மாஸ்டர் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: பாடியில் கை வைத்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. பந்தயத்திலிருந்து வந்தது வந்தபடி இருக்கிறது என்றுதான் எல்லா இடத்திலும் பேசப்போகிறார்கள். சரி என்றேன். ரேஸ் காருக்கே பெயிண்டர் ஆன சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

கொக்கி சவரி

அண்ணன் பெயர் சவரிமுத்து. கிரேன் ஆப்பரேட்டர். ஊரில் அவருக்குப் பெயர் கொக்கி சவரி. அந்தப் பெயர் வந்த கதை இது.

அண்ணன் ஆறு வருஷம் வளைகுடாவில் ஒரு கான்ட்ராக்டரிடம் கிரேன் ஓட்டினார். அங்கே கார் பந்தயம் நடக்கும்போது இவருடைய கிரேனை ஒரு வளைவில், வேலிக்குப் பின்னால் நிறுத்துவார்கள். வழுக்கி வெளியே வந்து மணலில் மாட்டிக்கொள்ளும் வண்டியைத் தூக்கி அப்புறப்படுத்துவது வேலை.

ஒரு பந்தயத்தில் நீல வண்டி ஒன்று அண்ணன் நின்ற வளைவிலேயே சுற்றி மணலில் புதைந்தது. டிரைவர் இறங்கி ஓடிவிட்டான். கூட இருந்த பையன் பயந்து நின்றதால், அண்ணனே இறங்கிப்போய்க் கொக்கி மாட்டினார். தூக்கி லாரியில் வைத்தார். லாரி போய்விட்டது.

அன்று சாயங்காலம் புகார் வந்தது. வண்டியின் பின்பக்கம் உடைந்திருக்கிறது, கிரேன்காரன் தூக்க வேண்டிய வளையத்தில் மாட்டாமல் பின் இறக்கையில் மாட்டித் தூக்கியிருக்கிறான் என்று. அண்ணன் சத்தியம் செய்தார். வளையத்தில்தான் மாட்டினேன், தூக்கும்போது கொக்கியோடு இருந்த வார் கொஞ்சம் நழுவி, வாரின் இரும்புப் பூட்டு வளையத்தைக் கடித்தது, இடது பக்கம் உள்ளே இரண்டு பல் தடம் இருக்கும், போய்ப் பாருங்கள் என்றார். இந்தியாவிலிருந்து வந்த ஒரு கிரேன்காரன் சொன்னதற்காக யாரும் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் விமானம் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கான்ட்ராக்டர் மற்றவர்களிடமும் சொல்லிவைக்க, மறுபடி அந்தப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை.

வந்த புதிதில் அண்ணன் எல்லோரிடமும் இதைச் சொல்வார். கிறிஸ்துமஸுக்கு, காதுகுத்துக்கு, மாதா கோயில் தேர் பார்க்க வருகிறவர்களிடம். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். கொக்கி என்ற பெயரை வைத்தது நான் இல்லை, ஆனால் கூப்பிட்டிருக்கிறேன். மெர்லின் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், “அப்பா, நீ நெஜமாவே தப்பா மாட்டலியா?” என்று கேட்டாள். அண்ணன் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். ஊர் சிரித்ததற்கெல்லாம் கலங்காதவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், இவ்வளவு தெரிந்தவன் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் ஏன் விளங்கிக்கொள்ளவில்லை என்று. உண்மையைச் சொல்கிறேன். ஆயிரம் தடவை கேட்ட கதை. ஆயிரம் தடவையும் அரைக் காதில்தான் கேட்டேன். நீல வண்டி, கிரேன், விமானம், அவ்வளவுதான் மனசில் நின்றது. பல் தடம் என்று அவர் சொல்லும் இடம் வருவதற்குள் நான் வேறு பேச்சுக்குப் போயிருப்பேன்.

போனில் அவரிடம் சொன்னது இதுதான்: “அண்ணே, உன் பொண்ணு காலேஜுக்கு ஒரு ரேஸ் காரு வருது. நான்தான் தொடைச்சு பாலிஷ் போட்டுக்கினு இருக்கேன். நாளைக்கு வா.” பாலிஷ் என்று சொன்னேன். மேனேஜருக்குக் கொடுத்த வாக்கு.

பலகையைப் படித்தவள்

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மெர்லின் மெக்கானிக்கல் படிக்கிறாள். சினேகிதிகளிடம் அப்பா என்று அறிமுகப்படுத்தினாள். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள், அதன் வரலாறு முழுக்க இங்கிலீஷில். அண்ணன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எட்டாவது, பத்தாவது, மழையில் ஐந்தாவது. அப்புறம், இன்ன நாட்டில் மூன்றாவது இடத்தில் ஓடும்போது, சில சுற்றே பாக்கி இருக்கையில், இன்ன வளைவில் சுற்றி வெளியேறியது என்றாள்.

அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தபா படிம்மா.”

அவள் படித்தாள். “நான் நின்ன எடம்மா அது,” என்றார். “இதாம்மா அந்த வண்டி. அப்போ நீலமா இருந்திச்சு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அண்ணன் வண்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிவிட்டார். பிள்ளைகள் கூடினார்கள். அண்ணன் அவர்களிடம் கதையைச் சொன்னார். முன்பெல்லாம் சண்டைக்காரன் மாதிரி சொல்வார். அன்றைக்கு வாத்தியார் மாதிரி நிதானமாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் போனில் படம் பிடித்தான். மெர்லின் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வண்டி ஒரிஜினல், ஓர் ஆணி கூட மாற்றவில்லை என்று மேனேஜர் பக்கத்தில் நின்று ஒத்து ஊதினார்.

அப்புறம்தான் அண்ணன் விரலை உள்ளே விட்டார்.

மூன்றாவது தடவை தடவிவிட்டு நிமிர்ந்தார். கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“டேய் ஆரோக்கியம், நீதான நேத்து இந்த வண்டிய தொடைச்ச? இங்க உள்ள ரெண்டு பல்லு மாதிரி இருந்திச்சா, பாத்தியா?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் நகக்கண்ணில் பட்டி இன்னும் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சட்டைப் பையில் பிளேடு இருந்தது, டச்சப் வேலைக்கு வைத்திருந்தது. இரண்டு நிமிஷம் சுரண்டினால் போதும், அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னது நிஜமாகியிருக்கும்.

“இல்லண்ணே,” என்றேன். “வழவழன்னுதான் இருந்திச்சு.”

அண்ணன் மெர்லின் பக்கம் திரும்பினார். “அப்போ இது வேற வண்டிம்மா. ஒரே மாதிரி ரெண்டு வண்டி வெச்சிருப்பாங்க,” என்றார். பலகையில் இந்தப் பாடிதான் என்று போட்டிருந்தது அவளுக்குத் தெரியும். “சரிப்பா. வா, கேன்டீன்ல டீ சாப்பிடலாம்,” என்று தோளைத் தொட்டு அழைத்துப் போனாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். உடம்பு முடியாதவர்களிடம் அப்படிப் பேசுவோமே, அந்த மாதிரி. படம் பிடித்த பையன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மல்லாட்டை

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தோம். விழுப்புரத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கியிருந்தார். உரித்து உரித்து என் கையில் வைத்தார், சின்ன வயசில் கொடுத்த மாதிரி. பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்றுதான் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டட்டும் என்று நினைத்தேன். தாண்டியது. கூட்டேரிப்பட்டு வரட்டும் என்று நினைத்தேன்.

அதற்குள் அவரே பேசினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஆள்காட்டி விரலைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒருவேளை நாந்தான் தப்பா மாட்டிட்டனோ இன்னாவோடா. இத்தினி வருஷம் சொல்லிச் சொல்லி, வளையத்துல மாட்டினேன்னு நானே நம்பிக்கினு இருக்கேனோ இன்னாவோ.”

ஊரே சொன்னபோது ஒப்புக்கொள்ளாத மனிதர். என் ஒரு சொல்லுக்கு ஒப்புக்கொண்டார். தம்பி பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை. நான் வாயில் மல்லாட்டையைப் போட்டு மென்றேன். திண்டிவனம் வந்துவிட்டது.

மறுநாள் வண்டியோடு திருச்சிக்குப் போனேன். அப்புறம் மதுரைக்கு. நாலு நாள் அந்த வளையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தேன். பிளேடும் பையிலேயே இருந்தது. சுரண்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் போதும். எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் மனசு உறுத்தி மேனேஜருக்குப் போன் செய்தபோது, வண்டி வேறு நாட்டுக்குப் போய்விட்டது, அங்கே பச்சை அடித்துவிட்டார்கள் என்றார். ஏழாவது சட்டை.

பைபாஸில் நின்றபோது

அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு யாரோ வேண்டுமென்றே கிளப்பிவிட்டார்கள். அதெல்லாம் பழைய கதை, விடுங்க என்று சிரித்துக்கொண்டார். நேரில் சொல்ல இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் மெர்லின் வேலைக்குப் போன இடத்தில் சாப்பாடு எப்படி என்று விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம் விக்கிரவாண்டி பைபாஸில் ஒரு கரும்பு லாரி கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. நான் பைக்கில் இருந்தேன். தூக்க வந்த கிரேனில் அண்ணன். என்னை அவர் பார்க்கவில்லை.

அண்ணனின் வேலையைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். ஒரு தடவை மாட்டுவார், ஏறுவார், தூக்குவார். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அன்றைக்குக் கொக்கியை மாட்டிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தவர், லீவரில் கை வைத்தவர், மறுபடி இறங்கினார். குனிந்து, மாட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஏறினார். மறுபடியும் இறங்கினார். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. “இன்னாய்யா பேஜாரு, ஜல்தி தூக்கு” என்று ஒரு போலீஸ்காரர் கத்தினார். அண்ணன் மூன்றாவது தடவையாக இறங்கி, கூட இருந்தவனைக் கூப்பிட்டு, “நீ பாத்து சொல்லு, சரியா மாட்டியிருக்கேனா?” என்று கேட்டார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு வயல்வழியாக வந்துவிட்டேன்.

நேரில் சொல்லத் துப்பில்லாதவன் பத்திரிகையில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைப்பது சரி. அண்ணன் படிக்கமாட்டார். மெர்லின் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மெர்லின், அது அதே வண்டிதான். உன் அப்பா வளையத்தில்தான் மாட்டினார். இடது பக்கம், உள்ளே, இரண்டு பல் தடம். என் கையால் தொட்டேன், என் கையால் மூடினேன். அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு.